வல்லூறின் வேகம்

கார்ச்சோம்ப் என்ற போக்கிமானைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். நின்றால் 1.9 மீட்டர், எடை 95 கிலோ. கருநீல முதுகு, கழுத்துக்குக் கீழே சிவப்பு. தலை இருபுறமும் புடைத்து நீண்டிருக்கும். சுத்தியல் சுறாவைப் பார்த்து வரைந்தது என்று பார்த்தவுடன் தெரியும். கைக்கு ஒரே ஒரு நகம். கைக்கு அடியில் இறக்கையாக விரியும் துடுப்பு. முதுகிலும் ஒரு துடுப்பு உண்டு. ஆணாக இருந்தால் அதன் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. உடம்பை மடக்கி இறக்கையை விரித்துப் பாய்ந்தால் ஜெட் விமானத்துக்கு ஈடான வேகம், அது துரத்திய இரை தப்பியதில்லை என்று ஆட்டத்துக்குள் இருக்கும் போக்கிடெக்ஸ் சொல்லும்.

நிலத்தில் வாழ்ந்து வானத்தில் வேட்டையாடும் சுறா. இப்படி ஒரு பிராணி உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒன்று பிறந்தது, வளர்ந்தது, இன்றும் இருக்கிறது.

நான் அதை முதலில் பார்த்தது எதிரியின் பக்கத்தில். 'போக்கிமான் டைமண்ட்', 'பேர்ல்' இரண்டும் 2006 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தன. ஆங்கிலப் பதிப்பு அடுத்த ஆண்டு. அக்காவிடம் டைமண்ட், என்னிடம் பேர்ல். அந்த ஆட்டத்தின் சின்னோ என்ற நாடு ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவை வைத்து வரையப்பட்டது. நாட்டை இரண்டாகப் பிரிக்கும் பெரிய மலை, முழங்கால்வரை பனி, அதற்குள் வெதுவெதுப்பான குகைகள். சிங்கப்பூரின் யீஷூனில் நாலறை வீட்டின் கூடத்தில், மின்விசிறிக்கு அடியில் தரையில் படுத்துக்கொண்டு நாங்கள் அந்தப் பனியில் நடந்தோம். பயணத்தின் முடிவில் சாம்பியன் சிந்தியா நிற்பாள். அவள் அணியில் எல்லாமே பலசாலிகள்தான். ஆனால் 66ஆம் நிலையில் ஒரு கார்ச்சோம்ப் வைத்திருந்தாள். என் எம்போலியன், நான் ஆசையாக வளர்த்த பெங்குவின் ராஜா, ஓர் அடி கொடுப்பதற்குள் நிலம் நடுங்கி விழுந்துவிட்டது. அடுத்து அனுப்பியதும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு அப்போது. நான் உயர்நிலை ஒன்று.

"நமக்கும் இது ஒன்னு வேணும்டா தம்பி," என்றாள்.

"பிடிச்சுக்கலாம்கா. குகையில இருக்காம்."

"பிடிச்சதெல்லாம் சரிப்படாது. நாமே முட்டையிலேர்ந்து எடுக்கணும்."

பிடிப்பதற்கும் முட்டையிலிருந்து எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

கார்ச்சோம்ப்பின் சின்னக் குட்டிக்குக் கிபிள் என்று பெயர். 24ஆம் நிலையில் அது கேபைட் ஆகும், 48இல் கார்ச்சோம்ப். டைமண்ட், பேர்ல் இரண்டிலும் காட்டுக் கிபிள் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில், வேவர்ட் குகையில். அந்தக் குகைக்குக் கண்ணுக்குத் தெரியும் வாசல் ஒன்று உண்டு. அதன் வழியாகப் போனால் கிபிள் கிடைக்காது. மேலே சைக்கிள் பாலம் ஓடுகிறது. பாலத்துக்கு அடியில் நுழைந்தால் நம் ஆள் பாலத்தின் படத்துக்குப் பின்னால் மறைந்துபோவான். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல், பாறையைத் தடவிக்கொண்டு போகிறவனைப்போல ஒவ்வோர் அடியாக மேல்நோக்கி அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று திரை கறுத்து, உள்ளே இருப்போம். ஒரு வேட்டை விலங்கை வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை யாரும் யோசித்திருக்க முடியாது. அந்த வாசலைக் கண்டுபிடித்த இரவு அக்காவும் நானும் சத்தம் போடாமல் கத்தினோம். அடுத்த அறையில் அப்பா ராத்திரி ஷிப்ட் போவதற்காகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதே குகைக்குள் இன்னொன்றும் கிடந்தது. 'எர்த்குவேக்' என்ற அடியைக் கற்றுக்கொடுக்கும் தட்டு. சிந்தியாவின் கார்ச்சோம்ப் என் பெங்குவினை வீழ்த்தியது அந்த அடியால்தான். அந்தக் காலத்து ஆட்டங்களில் இப்படிப்பட்ட தட்டு ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். நானாக இருந்தால் அன்றைக்கே என் அணியில் பெரியதாக இருப்பதற்குக் கொடுத்திருப்பேன். அக்கா அதைப் பையில் போட்டு வைத்தாள். துடுப்பில் வெட்டு இருக்கும் ஆண் கிபிள் ஒன்று நல்லதாகக் கிடைக்கும்வரை தொடவில்லை. காரணம் இதுதான்: அந்தத் தலைமுறை ஆட்டங்களில் தகப்பன் தட்டு மூலம் கற்ற அடியைக் குட்டி முட்டைக்குள்ளிருந்தே தெரிந்துகொண்டு வரும். ஒரே ஒரு தட்டு. அதை ஓர் ஆணுக்குக் கொடுத்துவிட்டால் அதன் வம்சம் முழுவதற்கும் கொடுத்த மாதிரி. இந்தக் கணக்கை அவள் எனக்கு விளக்கியபோது முதல்முறையாக அந்த ஆட்டம் எவ்வளவு ஆழமானது என்று உறைத்தது. மேலே சிறுவர்கள் ஆடும் சண்டை. அடியில் மரபும் பரம்பரையும்.

ஒவ்வொரு போக்கிமானுக்கும் உயிர், தாக்குதல், காப்பு, வேகம் உட்பட ஆறு குணங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 31 வரை ஒரு பிறவி எண் உண்டு. ஆடுகிறவர்கள் அதை ஐவி என்பார்கள். அந்தக் காலத்து ஆட்டங்களில் பிறந்த பிறகு அதை மாற்ற முடியாது. திரையில் எங்கும் காட்டவும் மாட்டார்கள். சோலேசியன் என்ற ஊரில் இருக்கும் டே கேரில் ஒரு ஆணையும் பெண்ணையும் விட்டுவிட்டு நடந்தால், வாசலில் நிற்கும் தாத்தா சில நேரம் முட்டை ஒன்றைக் கொடுப்பார். ஆறு எண்களில் மூன்று பெற்றோரிடமிருந்து வரும். மிச்சம் மூன்றும் அதிர்ஷ்டம். இதுபோக 25 சுபாவங்கள். வேகத்தைக் கூட்டித் தேவையில்லாத ஒன்றைக் குறைக்கும் 'ஜாலி' என்ற சுபாவம் எங்களுக்கு வேண்டும். தாயின் கையில் எவர்ஸ்டோன் என்ற கல்லைக் கொடுத்தால் அதன் சுபாவம் பாதிக்குப் பாதி குட்டிக்கு இறங்கும்.

இவ்வளவும் அக்காவின் வேலை. ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுவாள். என் வேலை அடைகாப்பது. கிபிள் முட்டை பொரிக்கப் பத்தாயிரம் அடிக்கு மேல் நடக்க வேண்டும். ஸ்லக்மா போல உடம்பிலேயே நெருப்பு உள்ள ஒன்று அணியில் இருந்தால் பாதி போதும், அதனால் எப்போதும் ஒரு ஸ்லக்மா என்னோடு வரும். ஐந்து முட்டை, ஒரு ஸ்லக்மா. சைக்கிளை வேக கியரில் போட்டு, மேலே கீழே, மேலே கீழே. எம்ஆர்டியில் போகும்போது, பல் டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது, அம்மா டெக்காவில் மீன் வாங்கும்போது. கையடக்க ஆட்டக் கருவியான டிஎஸ்ஸின் அம்புக்குறி விசை என் இடது கட்டைவிரலில் ஒரு சிலுவை பதித்திருந்தது.

பாட்டி ஒருநாள் என்னைப் பார்த்து, "என்னடா ஒரே பக்கம் போய்ட்டுப் போய்ட்டு வர்ற?" என்றார். அடைகாக்கிறேன் என்றேன். பாட்டி சிரிக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன வயதில் கோழி வளர்த்தவர். முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக் கரு ஓடியிருக்கிறதா என்று சொல்லக்கூடியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் பச்சைப் புள்ளி போட்ட முட்டையைப் பார்த்தார். "கொண்டா, நீ போய் ஹோம்வொர்க் பண்ணு," என்று வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சாயங்காலம் தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது பாட்டியின் மடியில் என் டிஎஸ் இருக்கும். கண் நாடகத்தில், கட்டைவிரல் மேலே கீழே. திரை மாறி இசை வந்தால் "டேய், பொரிஞ்சிடுச்சு!" என்று குரல் கொடுப்பார். அடுக்களையில் இருந்தாலும் அம்மாவும் எட்டிப் பார்ப்பாள்.

பொரிந்த குட்டி எதற்கும் லாயக்கில்லாததாகத் தெரியும். தலை பெரிது, வாய் பெரிது, கால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கார்ச்சோம்ப்பின் அடிப்படை வேகம் 102. கிபிளுக்கு வெறும் 42. ஒன்றாம் நிலையில் எல்லாக் குட்டிக்கும் எண்கள் ஏறக்குறைய ஒன்றே. எது எப்படி வரும் என்று தெரிந்துகொள்ள முதல் அறிகுறி ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் தன்மை பற்றி ஒரு வரி இருக்கும். வேகமே அதன் தலைசிறந்த எண்ணாக இருந்து, அந்த எண்ணை ஐந்தால் வகுத்தால் மீதி 1 என்றால், சத்தங்களுக்கு விழிப்பாக இருக்கும் என்ற பொருளில் அந்த வரி வரும். 31ஐ ஐந்தால் வகுத்தால் மீதி 1. அதனால் அந்த வரி வந்தால் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். ஆனால் 26க்கும் 21க்கும் அதே வரிதான்.

உறுதி செய்ய அக்கா கண்டுபிடித்த வழி இன்னொன்று. வைஃபையில் நண்பருடன் சண்டை போடும்போது எல்லாவற்றையும் 100ஆம் நிலைக்கு உயர்த்திக்கொள்ளும் வசதி இருந்தது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, நேற்றுப் பிறந்த குட்டியை அவள் அனுப்புவாள், நான் எதையாவது அனுப்புவேன். சண்டை போட மாட்டோம். குட்டியின் பக்கத்தைத் திறந்து 100ஆம் நிலையில் அதன் எண்களைப் படித்துவிட்டு, பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். கிபிளை அந்தத் திரையில் பார்க்கும்போது அக்கா அதன் கார்ச்சோம்ப் மதிப்பையும் பக்கத்திலேயே எழுதிவிடுவாள். ஜாலி சுபாவம், பயிற்சி எதுவும் இல்லை, ஐவி 31 என்றால் பெரியதானபின் வேகம் 264. ஐவி 30 என்றால் 262. நோட்டின் முதல் பக்கத்தில் 264 என்று பெரிதாக எழுதிக் கட்டம் போட்டிருந்தாள்.

262 ஒன்று வந்தது. தாக்குதலும் 31, சுபாவமும் ஜாலி, முட்டையிலிருந்தே எர்த்குவேக், இன்னொரு டிராகன் வம்சத்துத் தகப்பன் வழியாக வந்த 'அவுட்ரேஜ்' என்ற அடியும் இருந்தது. எனக்குக் கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷம். அக்கா நோட்டில் எழுதிவிட்டு, "இது அப்பாவா இருக்கட்டும்," என்றாள்.

"அக்கா, ஒரே ஒரு பாயின்ட்தான் குறையுது."

அப்போது அவள் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை. போட்டியில் நிற்கும் பெரிய தலைகளில் ஒரு கூட்டமே அடிப்படை வேகம் 100இல் நிற்கிறது: சாலமென்ஸ், ஸாப்டோஸ், ஜிராச்சி, செலெபி, பிளைகான். முழுப் பயிற்சி கொடுத்தால் அவற்றின் உச்சம் 328. கார்ச்சோம்ப்பின் உச்சம் 333. வடிவமைத்தவர்கள் 100 என்று நிறுத்தாமல் 102 என்று கொடுத்த அந்த இரண்டே இரண்டில்தான் அதன் பயங்கரம் எல்லாம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைத் தாண்ட ஐவி 28 இருந்தாலே போதும். அப்படியானால் 31 எதற்கு?

"இன்னொரு கார்ச்சோம்ப்புக்கு," என்றாள் அக்கா. "அதுக்கு அதுதான் எமன். டிராகனுக்கு டிராகன் அடி ரெண்டு மடங்கு. எது முதல்ல பாயுதோ அது பிழைக்கும். நம்மது 332, எதிராளிது 333ன்னா, நம்மது செத்துச்சு."

மற்ற எல்லாவற்றையும் முந்துவதற்கு ஓரளவு போதும். தன் இனத்தை முந்துவதற்குத்தான் கடைசி எண் தேவைப்படுகிறது. பரிணாமப் பாடத்தைப் பள்ளியில் படிப்பதற்கு முன்பே எனக்குச் சொன்னது அக்காவின் நோட்டு.

நாள் போகப் போகப் பெட்டிகள் நிரம்பின. 18 பெட்டி, பெட்டிக்கு 30 இடம். வரிசை வரிசையாகக் கிபிள். பாட்டிதான் கேட்டார்: "வேண்டாத குஞ்சையெல்லாம் என்னடி பண்ணுவ?" காட்டில் விட்டுவிடலாம், ஒரு பொத்தான்தான் என்றேன் நான். பாட்டி அக்காவைப் பார்த்தார். "பொறந்த பச்சை மண்ணு. குடுக்கிறதா இருந்தா வளக்கிற ஆளா பாத்துக் குடு."

அக்கா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். ஜிடிஎஸ் என்று ஒரு பரிமாற்ற மையம் ஆட்டத்துக்குள் இருந்தது. ஒன்றை அங்கே வைத்துவிட்டு, பதிலுக்கு இது வேண்டும் என்று எழுதிவைத்தால், உலகத்தில் எங்கிருந்தோ ஒருவர் அதைக் கொடுத்து நம்முடையதை எடுத்துக்கொள்வார். எங்கள் கிபிள்களுக்குப் பதிலாக நாங்கள் கேட்டது எளிதில் கிடைக்கும் அற்பமானவற்றை. முட்டையிலேயே எர்த்குவேக் தெரிந்த குட்டியை எதற்காக இப்படி அள்ளி வீசுகிறார்கள் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்கலாம். அந்த மையத்தில் ஒரு பூகோள உருண்டை இருக்கும். நாம் பரிமாறிக்கொண்டவர்களின் ஊர்கள் அதில் புள்ளியாக விழும். ஜப்பான் முழுக்கப் புள்ளி. பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்காவின் இரு கரைகள். பாட்டிக்கு உருண்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினோம். "இங்கெல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதிலாக வந்த ஜப்பானியப் போக்கிமான்களால் ஒரு லாபமும் இருந்தது. வேறு வேறு மொழி ஆட்டங்களில் பிறந்த இரண்டைச் சேர்த்தால், நிறம் மாறிப் பிறக்கும் 'ஷைனி' குட்டிக்கான வாய்ப்பு கூடும். அந்தக் காலத்து ஆட்டங்களில் வழக்கமாக அது 8192இல் ஒன்று. ஆனால் ஷைனி கார்ச்சோம்ப்புக்கும் சாதாரணத்துக்கும் நிறத்தில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது. கிட்ட வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. அவளுக்கு வேண்டியது 264.

அது வந்தது ஒரு ஜூன் விடுமுறை மாலையில். அடைகாத்தது பாட்டி, அக்காவின் டிஎஸ்ஸில். வரி சரியாக இருந்தது. வைஃபைக்குள் போய், பக்கத்தைத் திறந்து, கணக்குப் போட்டு, அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். வேகம் 31, தாக்குதல் 31, ஜாலி. ஆண்; துடுப்பில் வெட்டு. அவள் ஒன்றும் பேசாமல் டிஎஸ்ஸைப் பாட்டியிடம் நீட்டினாள். பெயர் வைக்க வேண்டும், பத்து எழுத்துக்குள்.

பாட்டி கொஞ்சம் யோசித்தார். "எங்க ஊர்ல கோழிக்குஞ்ச தூக்க வல்லூறு வரும். வர்றது தெரியாது. குஞ்சு இருக்காது, அவ்வளவுதான்." தன் கோழிக்குஞ்சுகளைத் தூக்கிப்போன பறவையின் பெயரைத் தன் கையால் பொரித்த குஞ்சுக்கு அவர் வைத்ததில் எனக்கு அப்போது ஒரு சிலிர்ப்பு. ஆங்கில எழுத்தில் தட்டினோம். வல்லூறு. எட்டு எழுத்து.

பிறகு வளர்ப்பு. இது சீக்கிரம் நடக்கிற காரியமில்லை. கார்ச்சோம்ப்பின் வம்சம் மெதுவாக ஏறும் வகை. 100ஆம் நிலைக்கு 12 லட்சத்து 50 ஆயிரம் அனுபவப் புள்ளி வேண்டும். அதற்கு முன்னால் பயிற்சி. வேகமானதை வீழ்த்தினால் வேகம் கூடும், பலசாலியை வீழ்த்தினால் பலம் கூடும். ஒரு குணத்துக்கு 252 வரை பிரயோசனம். அக்கா ஒவ்வொரு வௌவாலையும் பறவையையும் கோடு போட்டு எண்ணினாள். 23ஆம் நிலைவரை குட்டை உருவம். 24இல் கேபைட். போக்கிடெக்ஸ்படி கேபைட் குகைக்குள் ரத்தினக்கல்லாகத் தேடிச் சேர்த்து வைக்குமாம். சுறாவுக்கு நகை ஆசை வைத்த அந்த ஆளை எனக்கு மிகவும் பிடிக்கும். 48இல், ஒரு சனிக்கிழமை காலை, திரை வெளுத்து, உருவம் நீண்டு, இறக்கை விரிந்தது. வீட்டில் எல்லாரும் நின்று பார்த்தோம். அப்பாகூட.

அதன் சண்டைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கையில் யாசே பழம் இருக்கும். பனி அடி அதற்கு நான்கு மடங்கு வலிக்கும், அந்த ஓர் அடியைப் பாதியாகக் குறைக்க அந்தப் பழம். வாள் நடனம் ஆடித் தாக்குதலை இரட்டிப்பாக்கிக்கொண்டு, அவுட்ரேஜ். அடுக்குமாடியின் கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் உட்கார்ந்து ஆடும் பையன்கள் வல்லூறைப் பார்த்ததும் முனகுவார்கள். மணல் புயல் வீசினால் கார்ச்சோம்ப் மேல் விழ வேண்டிய அடி சில நேரம் தவறிப்போகும். இதையும் சேர்த்துத்தான் ஸ்மோகான் என்ற பெரிய ஆட்ட வட்டத்தில் அதைச் சாதாரணப் போட்டியிலிருந்து விலக்கி மேல்வரிசைக்குத் தள்ளினார்கள். நியாயமான தீர்ப்பு. அதை எதிர்த்து ஆடியவர்களுக்குத் தெரியும்.

2011இல் 'பிளாக்', 'ஒயிட்' ஆங்கிலத்தில் வந்தன. பழைய ஆட்டத்திலிருந்து புதியதற்குக் கூட்டிப்போகலாம், திரும்பி வர முடியாது. கூட்டிப்போகும் முறை விசித்திரமானது: நம்முடைய போக்கிமான்கள் புதருக்குள் துள்ளிக் குதிக்க, நாம் வில்லில் பந்தைப் பூட்டி எய்து பிடிக்க வேண்டும். நாமே வளர்த்ததை நாமே வேட்டையாட வேண்டும். வல்லூறு இருக்கும் புதரை நோக்கி அக்கா எய்தபோது, பாட்டி, "பாத்துடி, கண்ணுல பட்டுடப் போவுது," என்றார். புதிய பக்கத்தில், தொலைவான சின்னோவிலிருந்து காலம் கடந்து வந்தது என்ற பொருளில் எழுதியிருந்தது. பாட்டி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். அதைப் படித்துச் சொன்னதும், "என்னைய மாதிரிதான்," என்று தலையாட்டினார்.

2013இல் 'எக்ஸ்', 'ஒய்' ஆட்டங்களில் மெகா பரிணாமம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சண்டைக்கு நடுவில் கார்ச்சோம்ப்பின் கைகளும் இறக்கையும் சக்தியால் உருகி அரிவாளாகிவிடும். தாக்குதல் 170க்கு ஏறும். வேகம் 92க்கு இறங்கும். இதில் என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான்: கார்ச்சோம்ப்பின் உயிர் அந்த 102இல் இருக்கிறது, அதை எடுத்துவிட்டுப் பலத்தைக் கொடுத்தால் அது வேறு பிராணி. வல்லூறுக்கு மெகா பரிணாமத்துக்கான கல்லை நாங்கள் கொடுத்ததே இல்லை. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் சே-ஜுன் பட்டம் வென்றார். பச்சிரிசு என்ற சின்ன அணிலை வைத்து ஜெயித்தவர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. அந்த அணியில் ஒரு கார்ச்சோம்ப்பும் இருந்தது. அக்கா எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் அணிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே 2014 மே 20ஆம் தேதி டிஎஸ்ஸின் இணையச் சேவையை நிறுத்தினார்கள். பழைய ஜிடிஎஸ் மூடியது. அந்தப் பூகோள உருண்டையில் இனிப் புதிய புள்ளி விழாது. பாட்டி அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார். உருண்டையில் புள்ளி விழுந்த ஊர்களில் அவர் பொரித்த குட்டிகள் இருக்கின்றன. யாரோ அவற்றுக்கு வேறு பெயர் வைத்து, கார்ச்சோம்ப்பாக வளர்த்திருப்பார்கள்.

வல்லூறு அதற்குப் பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தது. 'பேங்க்' வழியாக 3டிஎஸ்ஸுக்கு, 2020இல் வந்த 'ஹோம்' வழியாக ஸ்விட்சுக்கு. எத்தனை கருவி மாறினாலும் அதன் பக்கத்தில் முதல் சொந்தக்காரரின் பெயர் அழியாது. அக்காவின் பெயர், கல்யாணத்துக்கு முன்னால் அவள் எழுதிய வடிவத்திலேயே இருக்கிறது.

இப்போது ஆடுகிறவன் அக்கா மகன். 2022இல் வந்த 'ஸ்கார்லெட்' அவனிடம். இந்தக் காலத்தில் எல்லாம் எளிது. புதினா ஒன்றைக் கொடுத்தால் சுபாவம் மாறியதுபோல் ஆகிவிடும். 50ஆம் நிலை வந்தால் பாட்டில் மூடியைக் கொடுத்து, குறைந்த பிறவி எண்ணை 31 போல ஆக்கிவிடலாம். ஒரு மதியத்தில் கச்சிதமான கார்ச்சோம்ப் தயார். இது நல்லதுதான், எல்லாப் பிள்ளைக்கும் எண் தெரிந்த அக்காவும் முட்டை பொரிக்கப் பாட்டியும் கிடைப்பார்களா? ஆனால் பாட்டில் மூடியால் உயர்த்திய எண் குட்டிக்கு இறங்காது. ரத்தத்தில் இருப்பதுதான் இறங்கும். இதை அவன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், "மாமா, அம்மா ஒரு கார்ச்சோம்ப் வச்சிருக்காங்களாமே. அதோட முட்டை வேணும்," என்றான்.

ஹோமிலிருந்து வல்லூறை ஸ்கார்லெட்டுக்கு இறக்கினோம். டே கேரும் இல்லை, தாத்தாவும் இல்லை இப்போது. புல்வெளியில் மேசை விரித்துப் பிக்னிக் போட்டால் கூடையில் முட்டை வந்து விழுகிறது. டெஸ்டினி நாட் என்ற கயிறு இருந்தால் ஆறு எண்ணில் ஐந்து பெற்றோரிடமிருந்து இறங்கும். பழைய நோட்டில் அக்கா பட்ட பாட்டில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் பையன் கூடையைத் திறக்கும்போதெல்லாம் அக்கா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வேகமும் தாக்குதலும் 31, ஜாலி என்று ஒன்று பொரிந்ததும், அவனுக்கு முன்னால் அவள்தான் கைதட்டினாள்.

அவன் அதை வளர்த்து முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் ஆட்டம். 50ஆம் நிலைக் கட்டுப்பாடு. அக்காவின் அனுமதியோடு என் பக்கம் வல்லூறு. அவன் பக்கம் அதன் பிள்ளை. இரண்டின் வேகமும் 169. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. வேகம் சமமாக இருந்தால் யார் முதலில் என்பதை ஆட்டமே ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போடும். அக்கா அத்தனை நோட்டுப் பக்கங்களில் தேடிய எல்லாம் வந்து முட்டி நிற்கும் இடம் அது. இருவரும் அவுட்ரேஜை அழுத்தினோம். அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை முந்தியது. "அம்மா, பாத்தியா!" என்று அவன் குதித்தான்.

"பாத்தேன், பாத்தேன்," என்றாள் அக்கா. "இன்னொரு ஆட்டம் போடுங்க. இந்தத் தடவ நான் வல்லூறப் பாத்துக்கறேன். தம்பி, கொண்டா இங்க."